கரும்பலகையில் ஒரே ஒரு பெயர்

டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது வகுப்புத் தலைவி செண்பகவல்லியின் வேலை. பெயர் ஏறினால் மைதானத்து வெயிலில் முட்டி போட வேண்டும்.

அன்று எல்லோரும் கணக்குப் போடுவதில் மூழ்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் தணிகாசலம் எட்டிப் பார்த்தார். பலகை காலி.

"ஒருத்தர்கூடவா பேசல? யாரை ஏமாத்துற? நான் திரும்பி வர்றப்போ ஒரு பேராவது இருக்கணும். இல்லேன்னா நீதான் முட்டி போடணும்!" என்று கத்திவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது பலகையில் ஒரே ஒரு பெயர் இருந்தது: தணிகாசலம் சார்.

"என்னம்மா இது?"

"இந்தப் பீரியட்ல பேசினது நீங்க மட்டும்தான் சார்."

அழிக்க டஸ்டரை எடுத்தவர், ஜன்னல் வழியே கொதிக்கும் மைதானத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

அதன்பிறகு அந்தப் பள்ளியில் யாரும் வெயிலில் முட்டி போடவில்லை.