அத்தி தன் பூவை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், மரமும் வண்டும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தி மரத்துக்கும் வெளியே தெரியும்படி பூ இருந்தது. லேசுப்பட்ட பூ இல்லை. அடிமரத்திலிருந்து கிளை முடிய, உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் நூறு சின்னப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

மணிமுத்தாற்றங்கரையில் கொளஞ்சி என்றொரு தோட்டக்காரர் நந்தவனம் வைத்திருந்தார். பங்குனி பிறந்தால் அங்கே பூக்காட்சி. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். தேனீயும் தும்பியும் சிட்டும் அழைக்காமலே வரும். வந்த மனிதர்களை உட்கார வைத்து, கிளையை எப்படிச் சீவுவது, எங்கே ஒட்டுக் கட்டுவது என்று கொளஞ்சி பழக்கிக் கொடுப்பார். கொன்றையைப் பார்த்து, புங்கையைப் பார்த்து, கடைசியில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அத்தியிடம்தான்.

அத்திக்கோ யாரைக் கண்டாலும் சந்தேகம். மோந்து பார்க்க ஒருத்தி குனிந்தால், பறிக்கத்தான் குனிகிறாள் என்று நினைக்கும். கொளஞ்சி கத்தியை எடுத்துப் பாடம் சொன்னால், வெட்டுவதற்குக்கூடவா ஆள் பழக்குவார்கள் என்று முனகும். உன்மேல் நிழல் விழுந்தால் அதையும் யார் போட்டது என்று கேட்பாய் அக்கா என்று பக்கத்திலிருந்த கொன்றை கேலி பண்ணும்.

ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இரண்டு பங்குனியாக அத்தியில் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. கொன்றைக்கு முழ நீளத்தில் காய் தொங்குகிறது. புங்கைக்குக் கொத்துக் கொத்தாக. அத்திக்கு மட்டும் பூ வாடி உதிர்ந்து மரம் மொழுக்கென்று நிற்கிறது. வருகிறவர்களின் காலிலும் இறக்கையிலும் தன் பூந்தூள் ஒட்டிக்கொண்டு போவதை அது கண்ணால் பார்த்திருந்தது. தூள் போகிறது, காய் வரவில்லை. அப்படியானால் திருட்டுத்தானே? அதனால் எது வந்து உட்கார்ந்தாலும் கிளையைச் சிலுப்பி உதறிவிடும். ஒரு மூச்சு நேரம்கூட உட்காரவிடாது.

மூன்றாம் பங்குனியில் கொளஞ்சி மரத்தடிக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காத ஆத்தா. எத்தன வருசம் பூவயே பாத்துக்கிட்டு இருக்கறது? இந்தத் தடவையும் காய் இல்லன்னா இந்த எடத்துல ஒரு மாங்கன்னு வெச்சுடலாம்னு இருக்கேன்."

அத்திக்கு வேர்வரைக்கும் குளிர்ந்துபோயிற்று. திருடன் யார் என்று அன்றிலிருந்து கண்கொட்டாமல் பார்த்தது. தேனீ வந்த வேகத்தில் போய்விடுகிறது. தேன்சிட்டு மூக்கை மட்டும் நீட்டுகிறது. கொன்றைதான் மெல்லக் காதில் போட்டது: எள்ளளவு இருக்கிறாளே ஒரு குளவிப் பெண், அவளைக் கவனித்தாயா? என் பக்கம் திரும்புவதுகூட இல்லை. ஆற்றைத் தாண்டி வருகிறாள், உன்னிடம் மட்டும் வருகிறாள், நீ உதறினால் போய்விட்டு மறுபடியும் வருகிறாள். நாணயமான ஆளுக்கு இத்தனை பிடிவாதம் எதற்கு?

அத்திக்கு அது போதுமாக இருந்தது.

பூக்காட்சியன்று உச்சிப்பொழுது. கொளஞ்சி ஒட்டுக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், கூட்டம் முழுக்க அவரைச் சுற்றி. குளவி வந்தாள். அன்றைக்கு அத்தி சிலுப்பவில்லை. இலைகூட அசையாமல் இருந்தது. இத்தனை நாள் உதறிய மரம் இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறது என்று குளவிக்கும் ஓர் ஐயம். விளிம்பிலேயே கொஞ்சம் தயங்கினாள். பிறகு கிண்ணத்தின் அடிவரைக்கும் இறங்கினாள்.

விரலை மடக்கி முட்டி பிடிப்பதுபோல் அத்தி அந்தக் கிண்ணத்தை இறுக மூடிக்கொண்டது. குளவியின் இறக்கை இரண்டும் வாசலில் சிக்கி ஒடிந்து வெளியே விழுந்தன.

"எடுத்தத வெச்சுட்டுச் சொல்லு. யாரு உன்ன அனுப்புனது?"

உள்ளேயிருந்து குளவியின் குரல் கேட்டது.

"எடுக்க வரல பெரியம்மா. வெக்க வந்தேன்."

"எத?"

"அக்கரையில ஒரு அத்தி நிக்குது. அதோட தூள். அது இங்க வந்து சேந்தாத்தான் உங்களுக்குக் காய். போன வருசம் எங்கம்மா கொண்டுவந்தா. நீங்க உதறிட்டீங்க."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

"இறக்க போயிடுச்சு. இனி நீங்க தெறந்தாலும் நான் எங்க போறது? எம் முட்டைய இங்கயே வெச்சுக்கறேன். நீங்க மட்டும் தெறந்துடாதீங்க. வெயில் பட்டா செத்துடும்."

அத்தி அதையும் நம்பவில்லை. திறக்காதே என்று திருடியே சொல்கிறாளே, இதில் என்ன சூது? திறக்கவும் பயம், மூடியிருக்கவும் பயம். உள்ளே அவள் பூவுக்குப் பூ நகர்ந்து தூளைத் தடவுவது மரத்துக்குக் கூசியது. பொழுது சாயும் நேரத்தில் அந்தக் கூச்சமும் நின்றுவிட்டது.

மற்றப் பூவெல்லாம் வழக்கம்போல் வாடி உதிர்ந்தன. மூடிய ஒன்று மட்டும் உதிரவில்லை. ஒரு வாரத்தில் சுண்டைக்காய் அளவானது, அடுத்த வாரம் நெல்லிக்காய் அளவு. தன் உடம்பில் ஒரு காய் கனப்பதை அத்தி முதல்முறையாக உணர்ந்தது. அப்போதுதான் அதற்குப் புரிந்தது. கிண்ணத்தைத் திறந்து அவளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது. முட்டைகளை நினைத்துக்கொண்டது. திறக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் கொளஞ்சி கோடாலியும் கையுமாக வந்தார். சிவந்து கிடந்த ஒற்றைப் பழத்தைக் கண்டு கோடாலியைக் கீழே வைத்தார். பறித்துப் பிட்டார். எள்ளை இறைத்ததுபோல் குளவிகள் கிளம்பி அக்கரைப் பக்கம் பறந்தன.

"உள்ள என்னாத்த ஒளிச்சு வெச்சிருக்க ஆத்தா?"

நடந்ததைச் சொல்ல அத்திக்கு முகமில்லை. கொளஞ்சி பழத்தை ஊதினார், மோந்தார், ஓரமாகக் கடித்தார். இனித்தது. மிச்சத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அடுத்த பங்குனியில் அத்தி எல்லாக் கிண்ணத்தையும் மொட்டிலேயே மூடிக்கொண்டது, ஓர் எள் நுழையும் வாசலை மட்டும் விட்டு. பூக்காட்சிக்கு வந்தவர்கள் இந்த வருசம் அத்தி பூக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குளவியின் மகள்கள் மட்டும் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். இறக்கையை வாசலில் உதிர்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

அன்று முதல்தான் அத்திப் பூவைக் கண்டவர் ஊரில் இல்லை. எப்போதாவது தலைகாட்டுகிறவரை அத்தி பூத்தாற்போல வந்தார் என்கிறோம். மற்றப் பழத்தையெல்லாம் அப்படியே வாயில் போடுகிற நாம், அத்திப் பழத்தை மட்டும் பிட்டு, ஊதி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தின்பதும் அன்று முதல்தான்.