அம்மாள் வராத ஞாயிற்றுக்கிழமை

பூரணி அம்மாளின் சீடர் தெய்வசிகாமணி அம்மாளைவிட வயதில் மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்த பிறகு அம்மாளின் ஆசிரமத்தில் மணி அடிக்காத குறைதான். மற்றபடி பள்ளிக்கூட ஒழுங்கு எல்லாம் வந்துவிட்டது.

மனநோயோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அம்மாளிடம் வருவார்கள். ஒளிந்து ஒளிந்துதான் வருவார்கள். ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல் அவர்களை வரவழைத்து அனுப்புவதில் தெய்வசிகாமணி மகா கெட்டிக்காரர். ஒருவர் முன்வாசலில் நுழையும்போது இன்னொருவர் மாட்டுத்தொழுவம் வழியாக வெளியே போயிருப்பார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டும், நல்ல மனிதர்.

ஒரு சனிக்கிழமை சுகந்தி தன் மகள் கயலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் மகளின் துணிப்பை. கயலுக்குக் காதுக்குள் குரல்கள் கேட்கின்றன. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், குணம் தெரிய நாளாகும் என்கிறார். அதுவரை பெற்றவள் ராத்திரியில் கொஞ்சமாவது கண்ணயர வேண்டாமா?

"இவ இங்கயே இருக்கட்டும் ஐயா. பெத்தவ சொல்லக் கூடாத பேச்சுதான். என்னால இனிமே முடியல."

தெய்வசிகாமணி இருவரையும் உட்காரச் சொன்னார். உள்ளே ஓடிப்போய் அம்மாளிடம் சொன்னார்.

"இன்னைக்கு ரெண்டு பேரும் இங்க தங்கட்டும்" என்றார் அம்மாள். "நாளைக்குக் காலைல மத்த பெத்தவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"எல்லாரையுமா? ஒரே நேரத்துலயா? மானம் போயிடும்னு துடிச்சுப்போயிடுவாங்கம்மா!"

"ஒரே நேரத்துலதான் ஐயா."

வந்தார்கள். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, எதிர்வீட்டு சவரிமுத்துவும் அவர் மனைவியும்!

"அண்ணே, நீங்களா? உங்க பையன் துபாய்ல இருக்கான்னு..."

"மாடி ரூம்ல இருக்கான்மா" என்றார் சவரிமுத்து மெதுவாக. "உங்க பொண்ணு கோயம்புத்தூர் ஹாஸ்டல்லன்னு..."

"பின்கட்டு ரூம்ல."

மூலையிலிருந்து ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"நான் என் பையனை கனடாவுக்கே அனுப்பிட்டேன். அங்க குளிர் எப்படின்னு தெருவே கேக்குது. நானும் டிவியில பார்த்துச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

முதலில் சவரிமுத்துவின் மனைவிதான் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. சிரிப்பு அழுகையாகி, அழுகை பேச்சாகியது.

தெய்வசிகாமணி சமையலறைக்கு ஓடினார். அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க. வாங்க."

"என்ன பண்றாங்க?"

"சிரிக்கிறாங்க, அழறாங்க, கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசறாங்க."

"கீரை இன்னும் பாக்கி இருக்கு" என்றார் அம்மாள். கடைசிவரை அவர் கூடத்துப் பக்கம் வரவில்லை.

அங்கே சவரிமுத்துவின் மனைவி சுகந்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இவளை எதுக்கு இங்க விட்டுட்டுப் போகணும்? ராத்திரி நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். நீ படுத்துத் தூங்கு."

சுகந்தி மகளோடு வீடு திரும்பினாள். ஞாயிறுதோறும் பெற்றவர்கள் ஆசிரமத்தில் கூடினார்கள். கயலின் காதுக்குள் குரல்கள் முழுக்க ஓய்ந்துவிடவில்லை. ஆனால் சுகந்தி தூங்கினாள். சவரிமுத்துவின் மகன் படியிறங்கி வரத் தொடங்கினான்.

ஒரு ஞாயிறு, நெரிசலான பஸ்ஸில் தெருக்காரி ஒருத்தி கயலைப் பார்த்துவிட்டாள்.

"ஹாஸ்டல்லேர்ந்து எப்ப வந்தா?"

"ஹாஸ்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் சுகந்தி, எல்லாருக்கும் கேட்கும்படி. "வீட்லதான் இருந்தா. மனசுக்கு முடியல. மருந்து சாப்பிடறா, தேறி வர்றா. இவ என் பொண்ணு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! கயல் அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

செய்தி தெரிந்ததும் தெய்வசிகாமணி வேட்டி தடுக்க அம்மாளிடம் ஓடினார்.

"ஜெயிச்சுட்டாம்மா சுகந்தி! ஜெயிச்சுட்டா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு சந்தேகம். அந்த முதல் ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் உங்களைப் பார்க்கத்தானே வந்தாங்க. நீங்க ஏன் கூடத்துக்கு வரல?"

"வந்திருந்தா எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்களே, ஐயா."