ஜன்னல்ல மாட்டின கோணச் சாவி

கண்ணை மூடு சுடர். மூடிட்டியா? சரி. ஒரு ஊர்ல ஒரு சாவிக்காரி. எந்த ஊர்னு கேக்காத, உன் வயித்துக்குள்ள தான். கணையம்னு குட்டி ஊரு. அவ பேரு அஞ்சலை. நீ திங்கிற சர்க்கரை ஒடம்புல இருக்குற வீட்டுக்குள்ள எல்லாம் போகணும்ல? அதுக்குக் கதவு தெறக்குற சாவி, இன்சுலின்னு பேரு, அவ பட்டறையில தான் செய்வா. டங்கு டங்கு, டங்கு டங்கு. அத்தைக்கு ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல ஒரு பழக்கம். யாரு என்ன செஞ்சாலும் அதுல ஒண்ணை ஜன்னல்ல மாட்டி வைக்கணும். ரத்தத்துல சுத்தி வர்ற வெள்ளை அணு, வீராச்சாமின்னு ஒரு வாட்ச்மேன், அவன் எட்டிப் பாப்பான். நம்ம சரக்குன்னா சல்யூட்டு. கிருமி சரக்குன்னா அடி. நல்லவன் தான், மூளை கொஞ்சம் கம்மி, உங்க மாமா மாதிரி.

"ஹிஹி... ம்."

அப்புறம் ஒரு நா உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சலோட சண்டை போட சர்க்கரை நெறைய வேணும்ல, சாவி கொண்டா, சாவி கொண்டான்னு ஊரே கத்துது. அஞ்சலைக்கு மூச்சு முட்டுது, உஸ்ஸு உஸ்ஸுங்குறா. அவசரத்துல ஒரு சாவி கோணிப் போச்சு. தூக்கி எறிய வேண்டியது தானே? பழக்கம் விடுமா, அதையே கொண்டுபோய் ஜன்னல்ல மாட்டிட்டா, மக்கு!

வீராச்சாமி வந்தான். "என்னது இது, பாத்ததே இல்லையே?"

"கை தவறிடுச்சுண்ணே."

போயிட்டான். மறுபடி வந்தா, இன்னொரு கோணச் சாவி. "யாரு நீ?"

"அஞ்சலைண்ணே! தெனமும் பாக்குறியே!"

மொறைச்சுக்கிட்டே போனான். அப்போ அவ பயந்து போயி, பாத்துப் பாத்து நேரா ஒரு சாவி செஞ்சு மாட்டினா. மூணாவது தடவை வந்தவன் அதைப் பாத்துட்டு, "ஓஹோ! கிருமி நம்ம ஆளு வேஷம் போடுதா!"ன்னு பீ...ப்பீன்னு விசில் ஊதிட்டான். கூட்டமா வந்தானுங்க. தொம்! தொம்! மடார்! பட்டறையே போச்சு.

அப்புறம் கதவு தெறக்காம சர்க்கரை எல்லாம் தெருவுலயே நின்னுச்சு. அதான் நீ குடம் குடமா தண்ணி குடிச்சே, பாத்ரூமுக்கு ஓடினே, எலும்பாப் போனே.

"அத்தை... நான் ஜிலேபி திருடித் தின்னேன்ல. அதனால இல்லையா?"

அடியே! இதையா இத்தனை நாளா மனசுல வச்சிருந்தே? கதையில எங்கயாவது ஜிலேபி வந்துச்சா?

"வரல."

வராது. நீ ஒரு தப்பும் பண்ணல. இப்ப அஞ்சலை செய்ய முடியாத சாவி தான் ஊசியில வருது. இரு இரு... அதான் ஊசி போடுறப்போ அழாம வயித்தைக் காட்டிக்கிட்டு நின்னியா? தண்டனைன்னு நெனச்சியா?

"...ம்."

என் தங்கமே, கிட்ட வா. நாளைக்கு ஊசி வலிச்சா நல்லாக் கத்துடி, தெருவே எந்திரிச்சு ஓடி வரட்டும். கதை படுத்துருச்சு, நீயும் படு.