யாரும் ஏறாத பஸ்

"வரிசையாகப் பஸ் அனுப்பினேன், தாயே. ஒருவர்கூட ஏறவில்லை."

வந்ததும் வராததுமாக அதெல்மோ சொன்னார்.

பிரேசிலின் தென்கோடியில், மலைமேல் இருந்தது அந்த மடம். துறவி மிட்சுகோ அவரைவிட வயதில் மிக இளையவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதற்கு அனுப்பினீர்கள்?"

"என் அண்ணன் வித்தோரியோவின் அடக்கத்துக்கு. கல்லறை மேட்டு உச்சியில். கொட்டுகிற மழை வேறு. தொழிலாளிகள் அத்தனை பேரும் நனைந்துகொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள்."

"நீங்கள்?"

"பஸ்ஸில் போனேன். தனியாக."

அண்ணனும் தம்பியும் தகரக் கொட்டகையில் தொடங்கிய தொழில் அது. பழைய லாரியின் அடிச்சட்டத்தில் பலகை அடித்து முதல் பஸ்ஸைக் கட்டினார்கள். இன்று அவர்களுடைய பஸ் கடல்தாண்டியும் ஓடுகிறது.

"முதலீடு செய்ய வந்தவர்கள், ஒருவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்றார்கள்," என்றார் அதெல்மோ. "அப்போது அண்ணிக்கு உடம்பு மோசம். அண்ணன் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் போட்டேன். அவரை நீக்கிவிட்டேன்."

மிட்சுகோவின் கை நின்றது.

"அதற்குப் பிறகுதான் கம்பெனி இவ்வளவு வளர்ந்தது! ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. அது தப்பா?"

அவள் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அவர் குரல் இறங்கியது.

"அண்ணன் என்னை மன்னிப்பாரா?"

"செத்தவர் எப்படி மன்னிப்பார்?"

அதெல்மோவின் முகம் சுண்டிப்போயிற்று.

"உங்கள் அண்ணி?"

"இவோனே அண்ணியா? இருக்கிறார்."

மிட்சுகோ எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்துவிட்டாள்.

இவோனேவின் வீட்டு வாசலில் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு தட்டினார். கதவு திறந்ததும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத் தொடங்கினார்.

"அண்ணி..."

இவோனே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் பிழைத்துக்கொண்டேன். அவர்தான் நீங்கள் செய்ததிலிருந்து கடைசிவரை மீளவில்லை."

கதவைச் சாத்திவிட்டாள்.

அதெல்மோ மடத்துக்குத் திரும்பினார்.

"முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டார், தாயே."

"நாளைக்கும் போங்கள்."

"நாளைக்கும் சாத்தினால்?"

"மறுநாள் போங்கள்."

"இந்த வயதில்... இப்படி எத்தனை நாள் நான் போய் நிற்பது?"

"கம்பெனி வளர எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டாள் மிட்சுகோ.