பின்பாரம்

வடிவாம்பாளின் மடத்துக்கு நிலம் கிடையாது. அதனால் வழக்கும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு ஜீப், அது இழுத்துப்போகும் ஒரு கேரவன், இரண்டு சீடர்கள். கேரவன் என்றால் நம் ஊர்களில் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். வண்டி வந்து நின்றதும் எந்த நடிகை என்று பார்க்க ஒரு கூட்டம் சேரும். அம்மாள் கதவைத் திறந்து வெளியே வருவார். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேருக்குத்தான் உபதேசம்.

சீடர்களில் ஒருவர் செங்கமலம். சமையல் அவர் பொறுப்பு, முறையிடுவது அவர் இயல்பு. முழங்கால் வலி, நாத்தனார், அரிசியில் கல் என்று தினமும் எதையாவது கொண்டுவந்து அம்மாளிடம் கொட்டுவார்.

மற்றவர் வைரக்கண்ணு. கும்பகோணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். அம்மாளைவிட மூத்தவர், ஆகவே அம்மாள் அவரை அண்ணே என்பார். ஒன்பது வருடமாக ஜீப்பை ஓட்டுகிறார். தனக்கென்று எதையும் அம்மாளிடம் சொன்னதில்லை, கேட்டதில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்படி நடந்துகொள்வார்.

விராலிமலையில் முகாம் இருந்தபோது கேரவனை இழுக்கும் பழைய கொக்கியில் விரிசல் கண்டது. அதே வாரம் வைரக்கண்ணுவின் மகன் கும்பகோணத்திலிருந்து பேசினான்.

“அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியலப்பா. யாரு தம்பி நீங்கன்னு கேக்குது. உங்களையாவது தெரியுதான்னு பாக்கணும். சீக்கிரம் வாங்க.”

வைரக்கண்ணு போவதென்று முடிவுசெய்தார். அதை வடிவாம்பாளிடம் சொல்வதில்லை என்றும் முடிவுசெய்தார். புதுக் கொக்கியைப் பொருத்துவது, கேரவனை மதுரைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஏற்பாடு செய்திருக்கும் டிரைவரிடம் சாவியைக் கொடுப்பது, சத்தமில்லாமல் பஸ் ஏறுவது. யாருக்கும் ஒரு சங்கடமும் இருக்காது.

அம்மாள் வேப்பமர நிழலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைரக்கண்ணு போய் நின்றார்.

“எந்தக் கொக்கி வாங்கலாம், அம்மா?”

“இரும்புக்கடைக்காரர் வந்து என்னைக் கேக்கறீங்களே.”

“ஒரு வார்த்தை கேட்டுச் செய்யறது முறை.”

“சரி, எது நல்ல கொக்கி?”

“இழுக்கிற வண்டிமேல பின்வண்டியோட பாரம் விழவே கூடாது. அதுதாம்மா நல்ல கொக்கி.”

“அப்படி ஒண்ணு விக்கிறாங்களா?”

“விக்கல. சாமானை ஏத்துற விதத்துல அப்படி ஆக்கிடலாம்.”

அம்மாள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். வைரக்கண்ணு நகரவில்லை.

“சீடனும் அப்படித்தானே அம்மா இருக்கணும்? குருவுக்குப் பாரமில்லாம.”

சமையல் அடுப்புப் பக்கமிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. “என்னைத்தான் குத்திக் காட்டுறார். காதுல விழுந்துச்சு.”

“முதல்ல கொக்கியைப் பொருத்துங்க அண்ணே,” என்றார் அம்மாள். “அப்புறம் பேசுவோம்.”

வைரக்கண்ணு திருச்சிக்குப் போனார். கேரவனின் முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பிதான் அதன் கழுத்து. கழுத்து நுனியில் ஒரு இரும்புக் கிண்ணம் இருக்கிறது. ஜீப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின்மேல் அது கவிழ்ந்து உட்கார வேண்டும். பந்து சிறுத்தால் குதித்து வெளியே வரும், பெருத்தால் உட்காரவே உட்காராது. கிண்ணத்தின் அளவைக் கையோடு கொண்டுபோய்ச் சரியான பந்தை வாங்கினார். கேரவனின் எடையைத் தாங்குமென்று முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்த மலிவான ஒன்றை, தொழில்காரர் தொழில்காரரைப் பார்க்கும் பார்வையோடு, திருப்பிக் கொடுத்தார். கேரவன் மூக்கைத் தூக்காமலும் கவிழாமலும் சமமாக நிற்கும்படி பந்தின் உயரத்தை வைத்தார். கொக்கி விட்டுப்போனால் கழுத்து தரையில் விழாமல் தாங்க, இரண்டு சங்கிலிகளைக் கழுத்துக்கு அடியில் குறுக்கே மாட்டினார். வளைவில் இழுபடாத அளவுக்குத் தொய்வும் விட்டார்.

நியாயமாகச் சொன்னால், கொக்கியில் அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

பிறகு சாமான்களை ஏற்றினார். பக்தர்கள் கொடுத்த அரிசி மூட்டைகள், தண்ணீர் டிரம், செங்கமலம் விட்டுப் பிரிய மறுக்கும் ஆட்டுக்கல், எல்லாம் கேரவனின் வால் பக்கம் போயின. கழுத்தில் பாரம் குறையக் குறைய அவர் முகம் தெளிந்தது. கடைசியில் கழுத்தை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கம்மா. பூ மாதிரி.”

“அழகாத்தான் இருக்கு,” என்றார் அம்மாள்.

இந்த இடத்தில் குருவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்று எழுதுவது வழக்கம். வடிவாம்பாளுக்குத் தெரியாது. அழகாக இருந்தது, சொன்னார்.

காலை வெயிலில் புறப்பட்டார்கள். அம்மாள் முன்னிருக்கையில், செங்கமலம் பின்னிருக்கையில். நான்குவழிச் சாலை வெறிச்சென்று கிடந்தது. துவரங்குறிச்சி தாண்டி ஒரு இறக்கம் வந்தது. ஒரு லாரி அவர்களை உரசுவதுபோல் முந்திப் போனது. அந்தக் காற்றில் கேரவனின் வால் மெல்ல அசைந்தது. அசைந்தது நிற்கவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதானது. ஜீப்பின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது.

வைரக்கண்ணு பிரேக்கை மிதித்தார். கேரவன் இன்னும் மூர்க்கமாக வீசியது. கண்ணாடியில் அதன் பக்கவாட்டு ஜன்னல் தெரிந்தது. நேராக வந்தால் தெரியக் கூடாத ஜன்னல்.

“ஐயோ, கட்டையில போறவனே, எங்களையும் கூட்டிட்டுப் போறியே!” என்று செங்கமலம் அலறினார்.

“காலை எடுங்க அண்ணே,” என்றார் அம்மாள்.

“பிரேக்கு—”

“எடுங்க. ஸ்டியரிங்கை ஆட்டாம நேரா பிடிங்க.”

எடுத்தார். பிடித்தார். வேகம் தானாகக் குறைந்தது. வீச்சும் குறைந்தது. ஒரு புளியமரத்தருகே ஓரம் கட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

“காலை எடுக்கணும்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“தெரியாது. மிதிச்சீங்க, மோசமாச்சு. மிதிக்காம இருந்தா என்னன்னு பார்த்தேன்.”

“சரியா வரலைன்னா?” என்று கேட்டார் செங்கமலம்.

“உன் முழங்கால் வலி தீர்ந்திருக்கும்.”

வைரக்கண்ணு இறங்கிப் போய்க் கொக்கிக்கு முன்னால் குந்தினார். பந்தைத் தடவினார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். எதிலும் குறையில்லை. அது அவரை இன்னும் வாட்டியது.

அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணே, உங்க கடைக்கு மாட்டுவண்டியில சரக்கு வந்ததுண்டா?”

“அப்பா காலத்துல வந்துச்சு.”

“எல்லா மூட்டையையும் வண்டியோட வால்ல ஏத்தினா என்ன ஆகும்?”

“பின்பாரமாயிடும். நுகம் மேலே எழும்பும். மாட்டுக் கழுத்துல உக்காராது. மாடு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்னு—”

அவர் பாதியில் நிறுத்தினார். பிறகு எழுந்து கேரவனின் கதவைத் திறந்தார்.

அரிசி மூட்டைகள் சக்கரத்துக்கு முன்னால் வந்தன. தண்ணீர் டிரம் நடுவுக்கு வந்தது. செங்கமலம் ஆட்டுக்கல்லோடு கூடவே நடந்துவந்தார், கல்யாணப் பெண்ணை அழைத்துவருவதுபோல்.

“எல்லாத்தையும் ஒரேயடியா முன்னாடி வச்சுடுங்களேன். தொல்லை விட்டுது.”

“அப்படி வச்சா ஜீப்போட முன்சக்கரம் தரையில சரியா பதியாது,” என்றார் வைரக்கண்ணு. “அப்புறம் திருப்புறது நம்ம கையில இல்லை. கேரவனோட மொத்த எடையில பத்துல ஒரு பங்கு, இல்லேன்னா இன்னும் கொஞ்சம் கூட, கழுத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

“இது உமக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார் செங்கமலம்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

வைரக்கண்ணு போய்க் கேரவனை ஜீப்பிலிருந்து கழற்றினார். கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கைக்கு அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்றுவிட்டு, ஜாக்கியைச் சுற்றிக் கிண்ணத்தைப் பந்தின்மேல் இறக்கினார். ஜீப்பின் பின்புறம் இரண்டு விரல்கடை தாழ்ந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“வண்டி அமுங்குதும்மா.”

“அமுங்கட்டும்.”

மறுபடி புறப்பட்டார்கள். முதலில் பயந்து பயந்து ஓட்டினார். பிறகு வழக்கமான வேகத்துக்கு வந்தார். ஒரு பஸ் முந்தியது, இரண்டு லாரிகள் முந்தின. கேரவன் ஜீப்பின் சுவட்டிலேயே வந்துகொண்டிருந்தது. மதுரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் பலகை ஒன்று கடந்துபோனது. அதைப் பார்த்த வைரக்கண்ணு தொண்டையைச் செருமினார். இன்னொரு பலகை வந்தது.

“அம்மா.”

“ம்.”

“என் சம்சாரத்துக்கு நினைவு தப்பிப்போச்சு. பெத்த பிள்ளையையே தெரியலையாம். நான் மதுரையில இறங்கிப் போயிடலாம்னு இருந்தேன். சொல்லாம.”

செங்கமலம் வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் அபூர்வமாக, ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

“எப்ப தெரியும்?” என்று கேட்டார் அம்மாள்.

“போன வாரம்.”

“திருப்புங்க அண்ணே.”

“மதுரையில ஜனங்க காத்திருப்பாங்கம்மா. நான் பஸ்ல போயிக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீணா—”

“கும்பகோணத்துக்குத் திருப்புங்க.”

“இவ்வளவு நீள வண்டியோட சட்டுனு திருப்ப முடியாது. நடுத்தடுப்புல பெரிய இடைவெளியா வரணும். தூரம் ஆகும்.”

“ஆகட்டும். இடைவெளி வர்ற வரைக்கும் அவங்களைப் பத்திச் சொல்லுங்க.”

வைரக்கண்ணு சாலையைப் பார்த்தபடி இருந்தார். எங்கே தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாளே கேட்டார்.

“அவங்க பேரு என்ன, அண்ணே? ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாது.”