முடி அளவு இடைவெளி

கூத்தன்வலசை கடற்கரையில் மூளைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அங்கே மூன்று பேரிடம் மூன்று மூளை புத்தம் புதிதாக, ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது.

மூத்தவர் சேகுமதார். அடுத்தவன் நாகரத்தினம். இளையவன் சூசைநாதன். மூவரும் கூட்டாக ஒரு வாட்டர் ஸ்கூட்டர் வைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடலில் சவாரி விட்டுப் பிழைத்தார்கள். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஆட்கள். எள்ளுதான் வேண்டும் என்றால் மட்டும் கிடைக்காது.

ஒருநாள் வண்டி நடுக்கடலில் நின்றுபோனது. சூட்டில் பிஸ்டன் பருத்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பு அதிகாரி கலாவல்லி நேரில் வந்து சவாரி செய்து பார்ப்பதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் கரையில் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. மூன்று வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் இருந்தது.

மெக்கானிக் அம்புரோஸ் இஞ்சினின் இரண்டு சிலிண்டர்களையும் கடைந்து, புது பிஸ்டன்களும் வாங்கி வந்து வைத்தார். பூட்டுவதற்குள் மச்சினி கல்யாணம் வந்துவிட்டது.

"நீங்களே பூட்டிருங்க" என்றார் பஸ் ஏறும்போது. "பூட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு முடி அளவு இடைவெளி இருக்கணும். சூடேறுனா பிஸ்டன் பருக்கும், இடம் இல்லைன்னா மறுபடி ஒட்டிக்கிரும். ரெண்டு சிலிண்டரும் ஒண்ணுபோல இருக்கட்டும். புது பிஸ்டன், கொஞ்ச நாளைக்குப் பாதி வேகத்துக்கு மேல போயிராதீங்க."

பஸ் போன பிறகுதான் சேகுமதாருக்கு உறைத்தது. "யாரு முடின்னு கேக்காம விட்டுட்டமேப்பா."

மூவரும் இஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என் தலையை நம்பாதீங்க" என்றான் நாகரத்தினம். "அது காலிமனை. சேகு அண்ணன் தாடியில ஒண்ணு எடுப்போமா?"

"மருதாணி போட்ட தாடி. முடி தடிச்சிருக்கும், அளவு தப்பிரும்."

"அப்ப சூசை முடிதான். சுருட்டை முடி. சிலிண்டரும் வட்டமாத்தானே இருக்கு, தானாச் சுத்தி உக்காந்துரும்."

இந்த அறிவை மெச்சி மற்ற இருவரும் நாகரத்தினத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

சூசையின் தலையிலிருந்து ஒரு முடி பிடுங்கி, முதல் சிலிண்டரில் பிஸ்டனுக்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. இரண்டாவது சிலிண்டருக்கு இன்னொரு முடி பிடுங்கப் போனபோது சூசை தலையைப் பொத்திக்கொண்டான். "அது வேற முடிண்ணே. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்ல?"

"அப்ப இந்த ஒரு முடியையே ரெண்டா வெட்டிருவோம்" என்றார் சேகுமதார்.

"வெட்டுனா ஆளுக்கு அரை முடி அளவுதானே வரும்?" என்றான் நாகரத்தினம்.

இந்தச் சிக்கல் மதியச் சாப்பாடு வரைக்கும் இழுத்தது. கடைசியில் முதல் சிலிண்டரிலிருந்த முடியை உருவி இரண்டாவதில் விட்டு அளந்தார்கள். அதுவும் சரியாகவே இருந்தது. முடி போனதோடு முதல் சிலிண்டரின் இடைவெளியும் போயிருக்குமோ என்று சேகுமதாருக்குப் பயம். ஓடிப்போய்ப் பார்த்தார். அப்படியே இருந்தது. நல்ல இடைவெளி என்று பாராட்டினார்.

முட்டாள்கள் என்றால் வேலை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சினை அழகாகப் பூட்டினார்கள், ஒரு நட்டு மிஞ்சவில்லை. சூசை ஸ்டார்ட் பொத்தானில் கை வைத்தான். சேகுமதார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணா என்ன ஆகும்?"

"சூடாகும்ண்ணே."

"சூடானா?"

"பிஸ்டன் பருக்கும்."

"பருத்தா, காலையிலேருந்து நாம அளந்த முடி அளவு என்னடா ஆகும்?"

சூசை வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கலாவல்லி வந்தார். பக்கத்து ஊரில் இந்த மாதிரி வண்டியொன்று வேகமாய்ப் போய் மீன் வலைகளைக் கிழித்திருந்தது. அதனால் இதற்குக் கையெழுத்துப் போடவே கூடாது என்ற முடிவோடுதான் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். முன்னால் சேகுமதார் பயபக்தியோடு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். சூசை கழுத்தளவு தண்ணீரில் நின்று இடது பக்கத்திலிருந்து தள்ளினான். வண்டி வலது பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"ஏன்யா இது ஒரே இடத்துல சுத்துது?"

"பாதி வேகம் மேடம்" என்றார் சேகுமதார். "தள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா புது பிஸ்டன், பாதி வேகத்துக்கு மேல போகக் கூடாதாம். அதான் ஒருத்தனைக் கரையில நிறுத்தி வச்சிருக்கோம்."

கரையிலிருந்து நாகரத்தினம் கும்பிட்டான்.

கலாவல்லிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அதிகாரி அல்லவா, யோசித்தார். சத்தம் இல்லை. புகை இல்லை. வேகம் அறவே இல்லை. எந்த வலையையும் இது தேடிப்போய்க் கிழிக்கப்போவதில்லை. கரையில் இறங்கி உட்கார்ந்தார், தலை நின்றதும் கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு பாதுகாப்பான வண்டியை என் சர்வீஸ்ல பாத்ததில்லை."

நாகரத்தினம் அழுதேவிட்டான். எனக்கும் சந்தோஷம்தான், மூன்று அடுப்பு எரியுமே.

ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி, "ஆமா, இந்த இஞ்சினை எப்பத்தான் ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேகுமதார் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கெட்டுப்போனா பண்ணுவோம் மேடம். இப்ப நல்லாத்தானே இருக்கு."