செண்பகத்தின் உண்ணாவிரதம்

ஊருக்கு ஒரு நலச்சங்கம் போதாது என்று தெருவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்ட காலம். வறண்டகுளம் மேற்குத் தெருச் சங்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கொம்பையா தலைவர், சங்கிலி துணைத்தலைவர், வெயிலுகந்தான் செயலாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. மூவருக்கும் சேர்த்துக் கடவுள் கொடுத்த அறிவு ஒரு ஆளுக்கே கொஞ்சம் தட்டுப்பாடுதான். ஆனாலும் கூட்டம் போட்டு அதைப் பகிர்ந்துகொள்வார்கள்.

அந்தத் தெருவில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பத்மாசனி அம்மாள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர். மதில்சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்துத் தெருவுக்கே அதை விட்டிருந்தார்.

அம்மாள் வளர்த்தது நாயும் அல்ல, கிளியும் அல்ல. உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் ரோமமாக, டாரண்டுலா என்கிற பெரிய சிலந்தி. பெயர் செண்பகம். கண்ணாடிப் பெட்டியில் வாசம். பத்து நாள் பூனாவில் மகள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தபோது, பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாள் கேட்ட ஒவ்வொருவருக்கும் பெட்டியைப் பார்த்ததுமே வேறு வேலை ஞாபகம் வந்தது. சங்கம் மட்டும் நின்றது. பயப்படுவதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டும் அல்லவா?

"தீனி வேண்டாம், தாங்குவா. கிண்ணத்துல தண்ணி தீரக் கூடாது. நீங்க குடிக்கிற தண்ணியையே வைங்க. பெட்டிக்குள்ள கையை விடாதீங்க. செண்பகம் தாகத்தோட கிடந்தான்னு தெரிஞ்சா வெளிக்குழாய்க்குப் பூட்டுதான்" என்று சொல்லிவிட்டு அம்மாள் ரயிலேறினார்.

கடைசி வாக்கியம் வெயிலுகந்தானைத் தூங்கவிடவில்லை. குழாய் பூட்டப்பட்டால் புறவழிச்சாலைத் தொட்டியிலிருந்து தினம் எட்டுக் குடம் அவன்தான் சைக்கிளில் கொண்டுவர வேண்டும் என்று மனைவி உலகம்மாள் சொல்லியிருந்தாள். அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தள்ளத்தான் தெரியும்.

மறுநாளே அம்மாள் வீட்டில் சங்கம் கூடியது. தாங்கள் குடிக்கிற தண்ணீர் என்றால் குடிக்கும்போதே பிடித்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. சங்கிலி செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்க, தாடையில் வழிந்ததைக் கொம்பையா கரண்டியில் ஏந்தினார். கையை விடக் கூடாது என்பதால் வெயிலுகந்தான் காலைக் கழுவி, கரண்டியை விரலிடுக்கில் செருகி, காலைப் பெட்டிக்குள் விட்டான். அவனுடைய கட்டைவிரலைச் செண்பகம் வெகு நேரம் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, விலகிக்கொண்டது.

மூன்றாம் நாள் அது கிண்ணத்தின் மேல் குனிந்து குடிப்பதை மூவரும் கண்டார்கள். கொம்பையாவின் முகம் மாறிவிட்டது.

"வாய் வச்சுல்லா குடிக்கா!"

பேராசிரியை வீட்டில் வளர்ந்தவள், எச்சில்படக் குடிப்பதா? தெரிந்தால் அம்மாள் மனசு என்ன பாடுபடும்? பழக்கிவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் மூன்று பேர் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று, செம்பை உயர்த்தி, உதடு படாமல் குடித்துக் காட்டினார்கள். அத்தனை தண்ணீரை அவர்கள் வாழ்நாளில் குடித்ததில்லை.

ஆறாம் நாள் காலையில் செண்பகம் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

வெயிலுகந்தானுக்கு எட்டுக் குடமும் கண்ணில் தெரிந்தன. "அண்ணாச்சி, போயிட்டா போலிருக்கே."

"சும்மா இரும்வே" என்றார் கொம்பையா. "செத்தது இவ்வளவு ஒழுங்காவா வாயை மேல வச்சுப் படுக்கும்? அண்ணாந்து குடிக்கப் படிச்சிட்டா. ஊத்த வேண்டியதுதான் பாக்கி."

எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது என்பதில் சிக்கல் வந்தது. சாண் என்றான் சங்கிலி, முழம் என்றார் கொம்பையா. சாயங்காலம்வரை பேசியும் தீரவில்லை. அதனால் செண்பகம் பிழைத்தது. அவர்களுடைய விவாதத்தால் உயிர் பிழைத்த ஜீவன்கள் அந்தத் தெருவில் இன்னும் சில உண்டு.

விடிந்து பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள். ஒன்று மூலையில், கன்னங்கரேலென்று புதுசாக. மற்றொன்று நடுவில், வெளுத்துப்போய், அசையாமல்.

சங்கிலி கண்ணாடியில் மூக்கை வைத்து ஆராய்ந்தான். "நடுவுல இருக்கதுதான் நம்ம செண்பகம். முதுகுல வழுக்கை இருக்கு பாருங்க. மூலையில இருக்கவ யாரோ இளசு."

யாரோ இளசு எட்டாம் நாள் கிண்ணத்தில் வாய் வைத்து நிறையக் குடித்தாள். செண்பகமோ தண்ணீரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெயிலுகந்தான் கிண்ணத்தைக் காலால் நகர்த்தி முகத்துக்கு நேரே வைத்தும் பலனில்லை.

கொம்பையாவுக்கு அனுபவம் உண்டு. முன்னொரு கோடையில் குடிநீர் கேட்டு நகராட்சி வாசலில் உண்ணாவிரதம் இருந்தவர் அவர், காலைப் பலகாரத்திலிருந்து மதியச் சாப்பாடுவரை. "இது சாகும்வரை உண்ணாவிரதம்வே" என்றார் தாழ்ந்த குரலில். "கோரிக்கை என்னன்னு கேளும்."

வெயிலுகந்தான் கேட்டான். பதில் இல்லை. மௌனவிரதமும் சேர்ந்திருப்பதாகச் சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொண்டான். வந்தவளை வெளியேற்றுவதுதான் கோரிக்கையாக இருக்கும் என்றான் சங்கிலி. கையை விடாமல் எப்படி என்று தெரியாததால் அது ஒத்திவைக்கப்பட்டது. கொம்பையா வெள்ளை வேட்டி உடுத்தி, துண்டு போட்டு, சாத்துக்குடிச் சாறு கொண்டுவந்து கரண்டியில் நீட்டினார். சங்கிலி போட்டோ எடுத்தான். செண்பகம் மசியவில்லை.

கடைசியில், அவள் குடிக்கும்வரை நாமும் குடிப்பதில்லை என்று மூவரும் பெட்டிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் அம்மாள் வந்தார். உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்த மூன்று பேரையும் தாண்டிக்கொண்டு போய்ப் பெட்டியைப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. தோல் முழுசாக உரிந்திருக்கிறது, ஒரு கால்கூட ஒடியவில்லை, மூலையில் இருப்பதுதான் செண்பகம், நடுவில் கிடப்பது வெறும் தோல் என்று பொறுமையாகச் சொன்னார். குழாய்க்குப் பூட்டு இல்லை என்றும் சொன்னார். வெளியே குடங்கள் நிரம்பும் சத்தம் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பெத்த மனசு. தாங்காம என்னமோ சொல்லுதாங்க" என்று முணுமுணுத்தார் கொம்பையா.

அம்மாள் அந்தத் தோலைப் பாடம்செய்து வைக்க நினைத்தார். இடுக்கியால் வெளியே எடுத்து, தட்டில் வைத்து, காய்ந்த கால்கள் இளகட்டும் என்று வெந்நீர் தெளித்தார். ஊறிய கால்கள் மெல்ல மெல்ல விரிந்தன.

"குடிச்சிட்டா!" என்றான் சங்கிலி. கொம்பையா எழுந்து நின்று போராட்டம் வெற்றி என்று அறிவித்துவிட்டு, தள்ளாடியபடி குழாயடிக்கு ஓடினார். சங்கிலி பின்னாலேயே ஓடினான்.

வெயிலுகந்தானுக்கு ஓடத் தெம்பில்லை. குடத்தோடு குழாயடிக்கு வந்திருந்த உலகம்மாள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இரண்டு நாள் தாகம். செம்பை உயர்த்தியவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். மூலையில் இருந்தவள் கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

செம்பைக் கீழே வைத்துவிட்டு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டான்.

"இப்போ இவ ஆரம்பிச்சிட்டா" என்றான்.

உலகம்மாள் செம்பை எடுத்து, அவன் முன்னாலேயே முழுவதையும் குடித்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.